கால் சுற்று சொர்க்கம்

ட்ரிகர் என்றால் விரலால் இழுக்கிற ஒரு வளைந்த இரும்புத் துண்டு, அவ்வளவுதானே என்று நினைக்கிறீர்களா? அப்படியானால், கை தேர்ந்த ஒருவர் செட் செய்து வைத்த மேட்ச் ரைஃபிளின் ட்ரிகரை நீங்கள் இன்னும் தொட்டதில்லை என்று அர்த்தம். முதல் இழுப்பு மெத்தென்று வரும். வந்து ஓர் இடத்தில் நிற்கும். அங்கே மூச்சை நிறுத்தி, குறி கூடியதும் துளி அழுத்தினால் போதும். டக்! விடுபட்டது விரலுக்கே தெரியாது. அந்த ஒரு ‘டக்’குக்காக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, திருப்பூர் அனுப்பர்பாளையத்திலிருந்து கோவை ரைஃபிள் கிளப்புக்குப் பஸ் ஏறுகிற ஆள் நான்.

எனக்குத் தொழில் பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் பார்ப்பேன். ஊசியைத் தொட்டும் தொடாமலும் லூப்பர் கடக்கும்படி நிறுத்தி, திருகை இறுக்கி, இறுக்கும்போது அது நகராமல் காப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, கிளப்பில் சுடுவதைவிட எனக்கு அதிகம் கிறுக்குப் பிடித்தது, அங்கே ட்ரிகர்களைச் செட் செய்கிற மாஸ்டரின் மேஜையில்தான்.

அந்த மேஜையின் ஒழுங்கே தனி. தோட்டா வேறு அறையில் பூட்டுக்குள் இருக்கும். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் திருப்புளியையே எடுப்பார். மரக்கட்டையைப் பிரித்ததும் அடியில் தெரியும் அந்தக் குட்டி ட்ரிகர் பெட்டி! போல்ட்டை மூடும்போது பின்னால் தங்கிவிடும், தோட்டாவை அடிக்கிற ஊசியை, ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு, சியர் என்ற சின்ன விளிம்பு பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியை விடுவிப்பதுதான் ட்ரிகரின் ஒரே வேலை. அதை நம் விருப்பத்துக்கு வளைப்பவை மூன்று வகைத் திருகுகள். ஒன்று ஸ்பிரிங்கை அழுத்தி, இழுக்க எத்தனை கிராம் வேண்டும் என்று வைக்கிறது. இன்னொன்று சியர் எவ்வளவு ஆழம் பிடிக்கும் என்று தீர்மானிக்கிறது. மூன்றாவது, விடுபட்ட பிறகு ட்ரிகர் வெறுமனே பின்னால் ஓடாமல் தடுக்கிறது. அந்த ஓட்டம் மிஞ்சினால் விரல் சறுக்கி, தோட்டா குழலைத் தாண்டுவதற்குள் குறி அசைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள், அசந்துபோவீர்கள். சாதாரண 3 மி.மீ. திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். கால் சுற்று என்றால் 0.125 மி.மீ. அதில் பாதி, ஒரு தலைமுடி கனம். அந்த முடி கனத்தில்தான் சொர்க்கமும் நரகமும் இருக்கின்றன. சியர் பிடி ஆழமாக இருந்தால் ட்ரிகர் மணல் அரைப்பதுபோல் நறநறக்கும். ஆழம் குறைந்தால் தட்டினாலே விடுபட்டுவிடும். “அரைக்கால் சுத்து போதும் கண்ணு, அவசரப்படாதே” என்பார் மாஸ்டர். திருகை அசைப்பார், போல்ட்டை மாட்டி காலியாக இழுத்துப் பார்ப்பார், மறுபடி அசைப்பார். பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

நம் இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளில் இந்தச் சுகம் கிடையாது. ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு வழியில் வந்தது அது. ட்ரிகரின் தலையிலுள்ள இரண்டு புடைப்புகள்தான் அதில் இரண்டு கட்ட இழுப்பைத் தருகின்றன. முதல் புடைப்பு தொடும்போது ஒரு கட்டம், இரண்டாவது தொடும்போது அடுத்தது. திருக ஒன்றுமில்லை. ராணுவத்துக்கு அது போதும். மேட்ச் ரைஃபிள்காரனுக்குப் போதாது.

லேசாக இருந்தால் நல்ல ட்ரிகர் என்று புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். பாவம்! உலகப் போட்டி விதிகளில் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000, 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்கு 1500. 50 மீட்டர் ரைஃபிளுக்குக் கீழ்வரம்பே இல்லை. அந்தச் சுதந்திரம் இருந்தும், நல்ல சுடுநர் தேடுவது மாறாத இழுப்பைத்தான். முழங்காலிட்டு, படுத்து, நின்று என்று 60 சுற்று சுடுகிற தகுதிச் சுற்றில் முதல் இழுப்பும் கடைசி இழுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மீட்டர் தூரத்தில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ. 2024 ஆகஸ்ட் 1-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றது இந்த மூன்று நிலைப் போட்டியில்தான். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். டிவியில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்தேன்!

மாறாமல் வைப்பது எப்படி? இங்கேதான் என் மனசைப் பறிகொடுத்த அந்த ஊதாச் சொட்டு வருகிறது. திருகை நகராமல் ஒட்டிவைக்கும் லாக்டைட் 222! நம்மூர் மெக்கானிக்குகளுக்கு நீலம் தெரியும், சிவப்பு தெரியும். சின்னத் திருகுக்கு ஊதா. பிடிக்கும், ஆனால் கைத் திருப்புளிக்கே கழன்று வரும். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய சரக்கின் வம்சம் இது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைக்குள் காற்றில்லாமல் உலோகத்தோடு ஒட்டினால் கெட்டியாகும். இன்னொரு விசேஷம்: பித்தளையிலும் செம்பிலும் சீக்கிரம் இறுகும், ஸ்டெயின்லெஸ்ஸில் மெதுவாகத்தான். செம்பு அதைத் தூண்டிவிடுகிறது. தெருவெல்லாம் பித்தளைப் பாத்திரப் பட்டறைகள் தட்டுகிற ஊரில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டதும் எவ்வளவு பெருமை!

மாஸ்டர் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டில் துடைப்பார். ஊசி முனையில் தொட்டு மரையில் மட்டும் ஒரு புள்ளி வைப்பார். ஒருநாள் முழுக்க ரைஃபிளைத் தொடவிடமாட்டார். பிறகு திருகின் தலையிலிருந்து பெட்டிமேல் வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சொட்டு ஏன் இத்தனை கஞ்சத்தனமாக? 2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம் தன் 700, செவன் மாடல் ரைஃபிள்களில் எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகர் பொருத்தியவற்றைத் திரும்ப அழைத்தது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரானவை. தொழிற்சாலையில் போட்ட ஒட்டுப்பொருள் சில ட்ரிகர்களில் அதிகமாகி, விரல் படாமலே வெடிக்கும் ஆபத்து இருந்ததுதான் காரணம். பெரிய கம்பெனிக்கே இந்தப் பாடம்! மரையில் இருந்தால் காவல், சியரில் வழிந்தால் எமன்.

அதனால் கடைசிச் சோதனைதான் எனக்குத் திருவிழா. காலி ரைஃபிளைக் காக் செய்து போல்ட்டை ஓங்கி அடித்து மூடுவார். சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்து, விட்டு, சேஃப்டியை எடுப்பார். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுவார். ஒருமுறை தானாக விடுபட்டாலும் எல்லாம் முதலிலிருந்து. எதுவும் அசையாவிட்டால் சிரிப்பார்.

திருப்பூர் மெக்கானிக் தோழர்களே, லைசென்ஸ் உள்ள கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, இந்த ட்ரிகரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். திருகை மட்டும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். முடி கனத்தை விரலால் அளக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லூப்பர் ஏற்கெனவே சொல்லித் தந்துவிட்டது. ரைஃபிள் நம்மிடம் கூடுதலாகக் கேட்பதெல்லாம் பொறுமையும் ஒரே ஒரு சொட்டும்தான்!