இராவணன் என்னும் தந்தை

மட்டக்களப்பு நகரைவிட்டுத் திருகோணமலை வீதியில் வடக்கே சென்றால், சத்துருக்கொண்டானை அடுத்து வருவது தன்னாமுனை என்னும் வாவிக்கரை ஊர். இவ்வாவியைச் சூழ வாழும் உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த கலை கூத்து. அதன் வடமோடி மரபிலிருந்து பிறந்த அவல நாடகம் ‘இராவணேசன்’. 1960களின் நடுப்பகுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் அதனை மேடையேற்றினார். எழுத்துருவைத் தந்து இராவணனாகவும் ஆடியவர் மட்டக்களப்பின் மைந்தரான சி. மௌனகுரு. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, நகரத்து மேடைக்கேற்பச் சுருங்கி, கற்றோர் கண்களையும் தன்பால் திருப்பிய காலம் அது. பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டும் அந்நாடகம் புதுமெருகுடன் ஆடப்பட்டது.

இராவணனை அவல நாயகன் என்று கூறுவோர் அவனுடைய வீழ்ச்சிக்குக் காரணமாகக் காட்டுவது பெரும்பாலும் ஒன்றையே: மானம், அதாவது செருக்கு. அக்கருத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் செருக்குக்கு விலை கொடுத்தவர் யாவர் என்று கேட்பது விமரிசகனின் கடமையன்றோ? இராவணன் இறுதியில்தான் மடிகிறான். அவனுக்கு முன்னரே அவனுடைய மக்கள் மடிந்துவிடுகின்றனர். அக்ககுமாரன் அநுமனால் அழிகிறான். அதிகாயனும் இந்திரசித்தனும் இலக்குவன் அம்புக்கு இரையாகின்றனர். அரசனாக அவன் இழந்தது ஒரு நாடு. தந்தையாக அவன் இழந்தது அந்நாட்டுக்கு முன்பே போய்விட்டது. இந்த வரிசையை நோக்காமல் இராவணனின் அவலத்தைப் பேசுவது பாதிக் கதையைப் பேசுவதாகும்.

கம்பன் இதனை நன்கு அறிந்தவன். யுத்த காண்டத்தில், நிகும்பலை வேள்வி குலைந்து, புண்பட்ட மேனியனாய் இந்திரசித்தன் தந்தையிடம் மீண்டு வருகிறான். சீதையை விட்டுவிடு, அவர்கள் சினம் தணிவர் என்று சொல்கிறான். அச்சத்தால் அன்று, உன்மேல் கொண்ட அன்பால் சொல்கிறேன் என்கிறான். போர்க்களத்தை நேரிற் கண்டவனின் வாய்மொழி அது. தந்தை அதைக் கேட்டு நகைக்கிறான். மாண்டவரை நம்பியோ, இருப்பவரை நம்பியோ, உன்னை நம்பியோ இப்பகையை நான் தேடவில்லை, என்னையே நம்பித் தேடினேன் என்ற பொருள்பட விடை கூறுகிறான். எவ்வளவு வீரம் பொருந்திய பேச்சு! எவ்வளவு பொய்யான பேச்சு! தன்னையே நம்பியவன் தம்பியையும் மைந்தரையும் முன்னே அனுப்புவானேன்? மகன் மீண்டும் தேரேறிக் களம் புகுகிறான்.

தன்னாமுனை கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர். ஆபிரகாம் தன் மகனைப் பலிபீடத்தில் கிடத்திய வேதாகமக் கதையை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். அங்கே ஓங்கிய கையைத் தடுக்க ஒரு தேவதூதன் வந்தான். இலங்கையில் எவரும் வரவில்லை. வந்து தடுத்தவனோ பலியாக வேண்டிய மகனேதான்.

மகன் மாண்ட செய்தி கேட்டபின் வரும் காட்சியே நமக்கு மிக முக்கியமானது. களத்திலே தேடி அலையும் இராவணன் முதலிற் காண்பது மகனின் வில்லேந்திய கையை. பின்னரே தலையற்ற உடலைக் காண்கிறான். நீ எனக்குச் செய்யவேண்டிய ஈமக்கடனை நான் உனக்குச் செய்வதா என்று அழுகிறான். கல்லும் கரையும் இடம் இது. ஆனால் அடுத்து அவன் செய்வது என்ன? வாளை உருவிக்கொண்டு, சிறையிருக்கும் பெண்ணொருத்தியைக் கொல்லப் புறப்படுகிறான். மகோதரன் குறுக்கிட்டுத் தடுக்க வேண்டியிருக்கிறது. தந்தையின் துயரம் ஒரு கணம் மனிதத் துயரமாக நின்று, மறுகணமே அரசனின் கொலைவெறியாக மாறிவிடுகிறது. நிலவுடைமைச் சமுதாயத்தில் தந்தைப்பாசம் என்பது உடைமைப்பற்றோடு பின்னிக் கிடந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மகன் அவனுக்குக் கையாக இருந்தான்; கை வெட்டுண்டதும் மற்றொரு கையால் வாளை எடுக்கிறான்.

கிரேக்க நாடகாசிரியன் சோபோக்கிளிசின் ‘அந்திகொனி’யிலும் இத்தகைய தந்தையொருவன் இருக்கிறான். கிரெயோனிடம் அவன் மகன் ஹீமன் வந்து மன்றாடுகிறான். நகரமக்களின் மனத்தை எடுத்துரைக்கிறான். தந்தை செவிசாய்க்கவில்லை. முடிவில் மகனின் பிணத்தைத் தாங்கி வரும் கிரெயோன், குற்றம் தன்னுடையதே என்று வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். அவ்வொப்புதல் இராவணன் வாயில் வருவதில்லை. இதனைக் குறையென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிம்மாசனங்கள் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை வரலாற்றில் நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்?

இங்கேதான் கூத்துக் கலைஞருக்கு ஓர் இடர் உண்டு. கரப்புடுப்பும் முடியும் தரித்து, மத்தளத்தின் முழக்கத்துக்கு இராவணன் ஆடி வரும்போது, அவன் கம்பீரம் நம்மை ஈர்க்கிறது. அதே உடல் மகனுக்காகத் தளரும்போது கண்ணீர் வருகிறது. வரட்டும். ஆனால் அக்கண்ணீரைக் கொண்டு அரசனின் குற்றத்தைக் கழுவிவிடலாகாது. மண்டோதரி அழுவதும் இராவணன் அழுவதும் ஒரே அழுகை அல்ல. மகனைப் போருக்கு அனுப்பும் அதிகாரம் அவளிடம் இருந்ததில்லை. இந்த வேறுபாட்டை ஆட்டத்திலும் தாளத்திலும் காட்டாத தயாரிப்பு, எத்துணை அழகாக அமைந்தாலும், நம்மை ஏமாற்றுகிறது.

இதனைத் தன்னாமுனையிலிருந்து எழுதுகையில் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலாது. 1990 செப்டெம்பர் 9ஆம் நாள், அயலூரான சத்துருக்கொண்டானிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களிலே குழந்தைகளும் பலர். போர் 2009இல் முடியும்வரை இவ்வாவிக்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தையர் எத்தனையோ பேர். அவர்கள் எவரும் கொலுவில் வீற்றிருந்து மகனுக்கு விடைகொடுத்தவர் அல்லர். பலருக்கு ஈமக்கடன் செய்ய உடலும் கிடைக்கவில்லை. அத்தகைய ஒருவர் களரியோரத்துப் பாயில் அமர்ந்து இராவணன் அழுவதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசனின் அழுகை அவருக்கு எவ்வாறு கேட்கும்?

ஆகவே இக்கதையை எடுத்தாளும் கூத்தரிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. நேரம் போதாதென்று எதைக் குறைத்தாலும், இந்திரசித்தன் புண்பட்டு மீண்டு வரும் அந்த இடத்தைக் குறைக்க வேண்டாம். அவன் பேசி முடிக்கும்வரை மத்தளம் ஓய்ந்திருக்கட்டும். இராவணன் நகைப்பதற்கு முன், பாயிலிருக்கும் தந்தையர் அந்த மகனின் முகத்தை நன்றாகப் பார்க்கட்டும்.