புள்ளி இழந்த எழுத்து: தமிழ்க் கற்றல் விளையாட்டுகளில் பிக்சலும் படக்கோப்பு வகைகளும்

தமிழ் எழுத்துகளைக் கற்பிக்கும் கணினி விளையாட்டுகளைப் பற்றிய நம் கருத்துரைகள் பெரும்பாலும் பாடப்பொருளோடு நின்றுவிடுகின்றன. சொற்கள் மாணவரின் நிலைக்கு ஏற்றனவா, கலைத்திட்டத்தோடு பொருந்துகின்றனவா, ஒலிப்புத் தெளிவாக உள்ளதா என்று பார்க்கிறோம். திரையில் தோன்றும் எழுத்து எவ்வகைப் படக்கோப்பில் அடங்கியுள்ளது என்று கேட்பதில்லை. அது வரைகலைஞரின் வேலை என விட்டுவிடுகிறோம். அக்கேள்வி தமிழாசிரியருக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாம் வகுப்பறையில் கண்ட ஒரு விளையாட்டை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். அதில் எழுத்துகள் மேலிருந்து விழுகின்றன. ஒலியைக் கேட்டு உரிய எழுத்தை மாணவர் தொடவேண்டும். பகர மெய்யின் ஒலி கேட்டபோது ஒரு மாணவி உயிர்மெய்யாகிய பகரத்தைத் தொட்டாள். தவறு என்றது விளையாட்டு. மீண்டும் முயன்றாள், மீண்டும் தவறு. அருகில் சென்று பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. 'ப்' என்னும் எழுத்தின் புள்ளி நீலப் பின்னணியில் கரைந்து ஒரு மங்கலான கறையாக நின்றது. அவள் கண்ணுக்கு 'ப', 'ப்' இரண்டும் ஒன்றே. எழுத்தறியாமை அவளுடையதன்று, ஆயினும் மதிப்பெண் குறைந்தது அவளுக்குத்தான்.

இங்குக் கலைச்சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். பிக்சல் என்பதைப் படப்புள்ளி, படவணு என்றெல்லாம் நாம் தமிழாக்கி வழங்குகிறோம். படப்புள்ளி நல்ல சொல்லே. எனினும் மெய்யெழுத்தின் புள்ளியைப் பற்றியே பேசும் இக்கட்டுரையில் அது குழப்பம் தரும் என்பதால் பிக்சல் என்றே எழுதுகிறோம். பிக்சல் ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் ஏற்கும் கட்டம் எனக் கொள்ளலாம். அரைக் கட்டத்தை நிரப்ப வழியில்லை. எழுத்தின் நுண்மையான உறுப்புகளுக்கு வரும் சிக்கல்கள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

கட்டங்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் பிறமொழியினர் என்ன செய்தனர் என்பது நமக்குப் பாடமாகும். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாம் கருவியில் படம் முழுவதும் 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு ஓடுகளால் அமைந்தது. பின்னணிக்கு ஒரே சமயத்தில் 256 ஓடுகளே கிடைத்தன. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே வடிவத்தின் இரு நிறங்கள் என்பது பலரும் அறிந்த சிக்கனம். நம் கவனத்திற்குரியது அதுவன்று. ஜப்பானிய எழுத்தில் ஒலிப்பை மாற்றும் இரு சிறு கோடுகள் எழுத்தின் மேல்மூலையில் இடப்படும். எட்டுக் கட்டங்களுக்குள் எழுத்தையும் அக்குறியையும் ஒருங்கே தெளிவாக அடைப்பது அரிது. ஆகவே பல ஃபேமிகாம் விளையாட்டுகளில் அக்குறியை மட்டும் பிரித்தெடுத்து மேல்வரிசை ஓட்டில் இட்டனர். இடம் வீணாயிற்று, குறி பிழைத்தது. தம் எழுத்தின் எவ்வுறுப்பை இழக்கலாகாது என்பதை அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

தமிழுக்கு அக்கருவி போதாது என்பதை எளிய கணக்கே காட்டும். ஏழு வரிசையில் ஒரு ககரத்தை எழுதினால், மேலே ஓர் இடைவெளி வரிசையும் புள்ளிக்கு ஒரு வரிசையும் சேர்த்து ஒன்பதாகின்றன. உகர ஊகாரக் குறிகளுக்குக் கீழேயும் இடம் வேண்டும். கால், ஒற்றைக்கொம்பு போன்றவற்றைத் தனியே பிரித்துவிட்டாலும், 247 எழுத்துகளை எழுத ஏறத்தாழ 125 தனி வடிவங்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு ஓடு என்றால் 500. கிடைப்பதோ 256.

இன்றைய திரைகளில் கட்டங்களுக்குப் பஞ்சமில்லை. இன்று புள்ளி மறைவதற்குப் பெரும்பாலும் காரணம் கோப்பு வகையே. நாம் கண்ட விளையாட்டின் எழுத்துப்படங்கள் ஜேபெக் வகையின. 1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் நிழற்படங்களுக்காக உருவானது. அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண்மாற்றங்களைக் கைவிட்டு அளவைக் குறைக்கிறது. வானம், முகம், இலை ஆகியவற்றில் இவ்விழப்பு தெரிவதில்லை. எழுத்தோ கூரிய விளிம்புகளால் ஆனது. கைவிடப்படும் நுண்மாற்றமே அதன் உருவம். நிறத்தில் இழப்பு இன்னும் மிகுதி. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒளிர்வு முழுமையாகவும், நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதி நுண்மையிலும் பதிவாகின்றன. மாணவர் கவனிக்கட்டும் என்று நாம் புள்ளிக்குச் சிவப்பு வண்ணம் தருகிறோம். அச்சிவப்பே முதலில் பரவிக் கலைகிறது!

ஓலையில் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்பதால் பழங்காலத்தில் அதனை விட்டெழுதினர் என்பர். மெய் புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியம் வகுத்திருந்தும் அவ்வாறு எழுத முடிந்ததற்குக் காரணம், படிப்போர் இடம்நோக்கி உணர்ந்துகொள்ள வல்லவர்களாக இருந்தமையே. ஏழு வயது மாணவியிடம் அப்பயிற்சியை எதிர்பார்க்க இயலாது. அவள் அப்புள்ளியைக் கற்கவே அங்கு அமர்ந்திருக்கிறாள்.

எழுத்துக்கு ஏற்ற வகைகள் வேறு உள்ளன. 1987இல் வந்த ஜிஃப் 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. அதனைப் பழமையென்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இரண்டு மூன்று நிறங்களில் அமைந்த எழுத்தை அது ஒரு பிக்சலும் பிசகாமல் காக்கும். ஊடுருவு தன்மையை முழுமையாக அல்லது இல்லையாக மட்டுமே காட்டுவதால் எழுத்தின் விளிம்பு பற்பற்களாகத் தோன்றும் என்பது அதன் குறை. 1996இல் பரிந்துரைக்கப்பட்ட பிஎன்ஜி அக்குறையையும் நீக்கியது: இழப்பில்லாச் சுருக்கம், படிப்படியான ஊடுருவு தன்மை. எழுத்தைப் படமாகவே வைப்பதென்றால் பிஎன்ஜியைத் தேர்வதில் நமக்கு ஐயமில்லை.

ஜேபெக் சிறியது, விலைகுறைந்த கைக்கணினிக்கு அதுவே ஏற்றது என்னும் வாதம் பாதி உண்மைதான். சேமிப்பிடமும் பதிவிறக்க நேரமும் மிச்சமாகும். ஆனால் விளையாட்டு இயங்கும்போது படம் பொதுவாக விரிக்கப்பட்டு, பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் நினைவகத்தில் அமர்கிறது. 512க்கு 512 பிக்சல் கொண்ட எழுத்து எவ்வகைக் கோப்பிலிருந்து வந்தாலும் ஒரு மெகாபைட். 247 எழுத்துகளையும் ஒருசேர ஏற்றினால் 247 மெகாபைட். சிக்கனம் வேண்டுமெனில் படத்தின் நீள அகலத்தைக் குறைக்கவேண்டும். புள்ளியைப் பலியிட வேண்டியதில்லை.

எழுத்தை ஏன் படமாக்க வேண்டும், ஒருங்குறி எழுத்துருவில் அமைக்கலாகாதா என்று வினவலாம். அமைப்பதே சிறப்பு. ஆனால் விளையாட்டு வடிவமைப்பாளர்மீது முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. பல விளையாட்டு உருவாக்கக் கருவிகள் தமிழ் எழுத்துச் சேர்க்கையை நெடுங்காலம் அறியாதிருந்தன. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நிற்கும் அவலத்தை நாமும் கண்டிருக்கிறோம். 2023இல் வெளிவந்த கோடோ நான்காம் பதிப்பு போன்றவை இக்குறையைப் போக்கின. அதுவரை படமே பலருக்குப் புகலிடமாயிற்று. புகலிடத்திற்கு எவ்வகைக் கோப்பைத் தேர்ந்தனர் என்பதில்தான் நம் குறைபாடு.

அவ்விளையாட்டை உருவாக்கியவரிடம் இதனைத் தெரிவித்தோம். மறுக்காமல் ஏற்றுக்கொண்டு, எல்லாப் படங்களையும் பிஎன்ஜி வகைக்கு மாற்றி ஒரு வாரத்தில் அனுப்பினார். திறந்து பார்த்தோம், புள்ளி முன்போலவே கறையாக இருந்தது. பழைய ஜேபெக் படங்களையே திறந்து பிஎன்ஜி கோப்புகளாகச் சேமித்திருந்தார். இழப்பில்லாச் சுருக்கம் அக்கறையையும் இழப்பின்றிக் காத்துத் தந்திருந்தது. மூல வரைவுகள் அவரிடம் இல்லை. மெய்யெழுத்துகள் பதினெட்டையும் முதலில் எழுத்துருவிலிருந்து புதிதாக எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏனையவை அடுத்த தவணைக்கு.