மார்மன் ஆய்வாளர்களும் பண்டைக் கோயிற் சடங்குகளும் – ஓர் ஒப்பியல் மதிப்பீடு

முன்னுரை

ஒப்பியல் ஆய்வு என்பது இரு பொருள்களை அருகருகே வைத்து நோக்குவது. அவ்விரண்டும் வாசகர் கண்முன் இருத்தல் வேண்டும் என்பது அதன் முதல் நெறி. இந்நெறி காக்கப்படும்போதும் தளரும்போதும் விளைவன யாவை என்பதற்கு, அமெரிக்காவின் மார்மன் சமயத்தைச் சார்ந்த அறிஞர்கள் பண்டைக் கோயில்கள் குறித்து நிகழ்த்திய ஆய்வுகள் தக்க சான்றாகின்றன. அவற்றுள் ஹியூ நிப்லி (1910–2005) 1975இல் வெளியிட்ட 'ஜோசப் ஸ்மித் பாப்பிரஸ்களின் செய்தி' என்னும் நூலும், ஜான் லண்ட்குவிஸ்ட் 1983இல் எழுதிய 'கோயில் என்பது யாது?' என்னும் கட்டுரையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

சமயப் பின்புலம்

1830இல் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சமயத்தின் முதற்கோயில் ஒகையோ மாநிலத்துக் கர்ட்லாந்தில் 1836இல் அர்ப்பணிக்கப்பட்டது. மார்மன்களுக்கு வாராந்தர வழிபாட்டுக் கூடம் வேறு, கோயில் வேறு. அர்ப்பணிக்கப்பட்ட கோயிலினுள் தகுதிச் சான்று பெற்ற உறுப்பினரே நுழையலாம். அங்கு நிகழும் தலையாய சடங்கு 'எண்டோமென்ட்' எனப்படும். கழுவுதல், எண்ணெய் பூசுதல், ஆடை அணிவித்தல், படைப்பு வரலாற்றை நிகழ்த்திக் காட்டல், உடன்படிக்கை ஏற்றல் ஆகியன அதனோடு தொடர்புடையவை. இறந்தோர் பொருட்டு உயிருள்ளோர் பதிலாளாக நின்று ஏற்பதும் உண்டு. சடங்கின் சில பகுதிகளை வெளியிடுவதில்லை என்று பங்கேற்போர் உறுதி அளிக்கின்றனர். இவ்வுறுதியே பின்னர் ஆய்வுச் சிக்கலாகவும் அமைகிறது.

1835இல் எகிப்திய மம்மிகளும் பாப்பிரஸ் சுருள்களும் கர்ட்லாந்துக்கு வந்தன. அச்சுருள்களின் மொழிபெயர்ப்பு என்ற வகையில் ஸ்மித் 'ஆபிரகாம் நூலை' 1842இல் வெளியிட்டார். அழிந்தன எனக் கருதப்பட்ட சுருள்களின் துண்டுகள் சில, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் திருச்சபைக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது ஹோர் என்னும் பூசகரின் உடலோடு வைக்கப்பட்ட 'சுவாச நூல்' என்னும் ஈமப் பனுவல் என்பதை எகிப்தியவியலார் கண்டனர். கிளாஸ் பேயர் 1968இல் அதனை மொழிபெயர்த்தார். எஞ்சிய துண்டுகளில் ஆபிரகாமின் பெயரோ அவர் வரலாறோ இல்லை என்பதைத் திருச்சபையே 2014இல் வெளியிட்ட விளக்கக் கட்டுரையில் ஒப்புக்கொண்டுள்ளது.

நிப்லியின் ஒப்பீடு

இந்நெருக்கடியின் நடுவில் தோன்றியது நிப்லியின் நூல். துண்டுகளில் உள்ளது எகிப்தியச் சடங்குப் பனுவலே என்பதை அவர் மறுக்கவில்லை. மாறாக, அப்பனுவலை வரிவரியாக மொழிபெயர்த்து, அது சுட்டும் சடங்கின் வடிவம் யாது என்ற புதிய வினாவை எழுப்பினார். சாக்கடல் சுருள்கள், சாலமோன் பாடல்கள், பிலிப்பு நற்செய்தி, எருசலேம் சிரில் என்பாரின் திருமுழுக்கு விளக்கவுரைகள் ஆகியவற்றின் பகுதிகளைப் பின்னிணைப்பாகத் தந்தார். தூய்மைப்படுத்தல், புத்தாடை, வழிப்பயணம், வாயில் கடத்தல் என்னும் நிரல் இவற்றில் மீண்டும் மீண்டும் வருதலைக் காட்டினார். பனுவலைச் சொற்றொகுதியாக மட்டும் கொள்ளாது, நிகழ்த்தப்பட்ட செயலின் பதிவாகவும் வாசிக்க வேண்டும் என்னும் அவர்தம் நோக்கு போற்றத்தக்கது.

எனினும் நூலின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. எகிப்தியச் சடங்கு விரிவாக விளக்கப்படுகிறது. அதனோடு ஒப்பிடப்பெறும் எண்டோமென்ட் அவ்வாறு விளக்கப்படுவதில்லை. ஒப்பீட்டின் ஒரு பாதி வாசகரின் நினைவுக்கே விடப்படுகிறது. கோயிலுக்குச் சென்ற உறுப்பினர் அவ்விடைவெளியைத் தாமே நிரப்பி வியப்படைவர்; பிறருக்கு அதனைச் சோதிக்கும் வாய்ப்பு இல்லை. நிப்லியின் மௌனம் அவர் ஏற்ற உறுதியின்பாற்பட்டது. அதனை வஞ்சகம் எனல் பொருந்தாது. ஆயினும் ஏற்கவும் மறுக்கவும் இயலாத கூற்று ஆய்வுமுடிபு ஆகாது என்பது தெளிவு.

மேலும், எண்டோமென்ட் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1990இலும் 2019இலும் மாற்றங்கள் செய்யப்பெற்றன. ஆதலின் எக்காலத்து வடிவம் பண்டை எகிப்தோடு ஒத்தது என்னும் வினா எழுகிறது. ஹோரின் பனுவல் இறந்தவரின் மறுமை வாழ்வுக்காக உடலோடு வைக்கப்பட்டது. எண்டோமென்டோ உயிருள்ளோர் நேரில் நின்று ஏற்பது. இவ்வேறுபாட்டின் எடை நூலில் போதிய அளவு உணரப்படவில்லை.

ஒற்றுமைக்கு அண்மைக் காரணங்களும் உண்டு. ஆரோனையும் அவன் மக்களையும் கழுவி, ஆடை அணிவித்து, எண்ணெய் பூசும் முறை விவிலியத்தின் யாத்திராகமம் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. சிரிலும் ஸ்மித்தும் விவிலியம் பயின்றவர்களே. ஸ்மித் 1842 மார்ச்சில் நாவூ நகரில் ஃபிரீமேசன் கழகத்தில் சேர்ந்தார். ஏறத்தாழ ஏழு வாரங்களில், மே 4ஆம் நாள், எண்டோமென்ட் முதன்முதல் வழங்கப்பெற்றது. அண்மைக் காரணங்களைக் கழித்த பின்னரே தொல்பழங்காலத் தொடர்பைப் பேசுதல் முறை. சாமுவேல் சாண்ட்மெல் 1962இல் 'இணைமோகம்' என்ற பொருள்படும் சொல்லால் எச்சரித்தது இத்தகைய போக்கையே எனலாம்.

லண்ட்குவிஸ்டின் பொதுவரையறை

லண்ட்குவிஸ்டின் கட்டுரை வேறு நிலையில் அமைந்தது. அது விவிலிய ஆய்வாளர் ஜார்ஜ் மெண்டன்ஹால் சிறப்புமலரில் பொது அறிஞருலகை நோக்கி வெளிவந்தது. அண்ட மலை, ஆதி மேடு, உயிர்நீர், உயிர்மரம், தெய்வம் அருளிய வரைபடம் முதலிய கூறுகளைப் பண்டை மேற்காசியச் சான்றுகளால் அது நிறுவ முயல்கிறது. சான்றுகள் வெளிப்படையானவை, எவரும் சரிபார்க்கலாம். லகாஷ் மன்னன் குடியாவுக்குக் கனவில் கோயிலின் அமைப்பு காட்டப்பட்ட செய்தி அவனுடைய களிமண் உருளைகளிலேயே உள்ளது.

ஆனால் பட்டியல் முறைக்குரிய இடர் இங்கும் உண்டு. பல நாட்டுக் கூறுகளைத் தொகுத்தால் எங்கும் முழுமையாக இல்லாத ஒரு கோயில் உருவாகிவிடும். ஜோனதன் ஸ்மித் 1987இல் வெளியிட்ட நூலில், 'உலக மையம்' என்னும் மிர்சா எலியாதெயின் கருத்து மெசபொதாமியச் சான்றுகளுக்குப் பொருந்தாமையை எடுத்துக்காட்டினார். ஒப்பீடு வேறுபாட்டையும் விளக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். ஒரு பண்பாடு தன் கோயிலைப் பற்றித் தானே கூறுவது வேறு. ஆய்வாளர் ஏற்றிச் சொல்வது வேறு. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் தட்சிணமேரு விடங்கர் எனத் திருமேனியைச் சுட்டுகின்றன. அங்கு மேரு என்பது அக்காலத்தார் வாய்மொழி. உயர்ந்த விமானங்கள் அனைத்தையும் சான்றின்றி அண்டமலை எனல் ஆய்வாளர் கூற்றேயாகும்.

முடிவுரை

மார்மன் அறிஞர்கள் கோயிலைக் கட்டடமாக மட்டுமன்றிச் செயல்நிகழ் களமாகவும் காணத் தூண்டினர். கோயிற் சடங்கைத் தம் வாழ்வில் ஏற்றோர் என்பதால் பிறர் கவனியாத கூறுகள் அவர்களுக்குப் புலப்பட்டன. நம்பிக்கை வினாவை எழுப்பலாம். விடையை நிறுவும் பொறுப்பு சான்றுக்கே உரியது. லண்ட்குவிஸ்டின் கட்டுரை குறைகளோடும் விவாதத்திற்கு இடந்தருகிறது. நிப்லியின் நூல் பெரும்புலமையோடும் அவ்விடத்தை அடைத்துவிடுகிறது. தம் மரபையே பிற நாகரிகங்களோடு ஒப்பிடும் தமிழாய்வாளர்க்கும் இவ்வேறுபாடு கருதத்தக்கது. நேசிக்கும் பொருளை ஒப்பிடுவோர், அதனை முழுமையாகப் பிறர்முன் வைக்கத் துணிதல் வேண்டும்.