பழைய இலக்கியமும் பல்துறை மாணவர் குழுவும்

பழைய இலக்கியமொன்றைக் கற்கப் புகும் மாணவனுக்கு மொழியறிவு மாத்திரம் போதியதன்று. அந்நூல் தோன்றிய காலத்துச் சரித்திரம், சமயம், இசை, கைவினை, எழுத்துமுறை ஆகியவற்றின் அறிவும் வேண்டப்படும். பல்கலைக் கழகங்களோ இவற்றை வெவ்வேறு பகுதிகளாக வகுத்துப் பயிற்றுகின்றன. கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயும் மாணவன் தன் பகுதியின் வேலிக்குள்ளேயே ஆண்டுகள் பலவற்றைக் கழித்துவிடுகின்றான். இக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்தனவே பல்துறை ஆராய்ச்சி மாணவர் ஒருங்கிருந்து கற்கும் குழுக்கள். அவற்றாற் பயன் விளைவது எப்பொழுது, விளையாதொழிவது எப்பொழுது என்பது ஆராயத்தக்கது.

ஐரோப்பிய இடைக்காலக் கல்வி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். ரொறன்ரோப் பல்கலைக் கழகத்தில் 1964ஆம் ஆண்டு இடைக்கால ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. இலக்கியம், சரித்திரம், மெய்யியல் என எத்துறையை நாடி வந்தாலும், அங்கு ஆராயும் மாணவர் இலத்தீன் மொழித் தேர்வில் தேறுதல் வேண்டும். துறை வேறாயினும் மூலத்தைத் தாமே படிக்கும் ஆற்றல் யாவர்க்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கருத்து.

இத்தகைய குழுக்களின் பயனையும் இடரையும் ஒருங்கே காட்டுவது ‘பெயோவுல்ப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியம். 3,182 அடிகளாலாய இந்நூல் ஒரேயொரு கையெழுத்துப் பிரதியிலேயே எஞ்சியுள்ளது. அதுவும் 1731இல் நேர்ந்த தீவிபத்தில் ஓரங்கள் கருகப் பெற்றது. முற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் இதனைப் பண்டைச் சரித்திரச் செய்திகளை அகழ்ந்தெடுக்கும் சுரங்கமாகவே கொண்டனர். 1936இல் பேராசிரியர் தோல்கீன் ஆற்றிய பேருரை இப்போக்கைக் கடிந்து, கவிதையைக் கவிதையாகக் கற்குமாறு வற்புறுத்திற்று. பல்துறைக் குழுவில் அமரும் இலக்கிய மாணவன் இவ்வெச்சரிக்கையை மறத்தலாகாது. பிற துறைகளுக்குச் சான்று பகர்வது இலக்கியத்தின் பயன்களுள் ஒன்று. அதுவே அதன் உயிரன்று.

எனினும், வேலியை மீண்டும் அடைத்துக்கொள்ளுதலும் தகாது. 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கல ஈமப் புதையல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. காப்பியத்தின் தொடக்கத்தில் அரசனொருவனது உடலைச் செல்வத்தோடு மரக்கலத்திற் கிடத்தும் செய்தி வருகின்றது. புலவனது கற்பனை என்று மாத்திரம் எண்ணத்தக்க அக்காட்சி, அகழாய்வின்பின் புதிய பொருள் பெற்றது. அப்புதையலில் நரம்பிசைக் கருவியொன்றின் உடைந்த துண்டுகளும் இருந்தன. காப்பியத்தில் இசைக்கருவிக்கு வழங்கும் பெயர் இக்கால ஆங்கிலத்தில் ‘ஹார்ப்’ என நிலைத்துள்ளது. துண்டுகளை முதலில் அவ்வடிவிலேயே இணைத்தனர். பின்னர் வேறிடங்களிற் கிடைத்த கருவிகளோடு ஒப்புநோக்கி, அது ‘லயர்’ என்னும் பிறிதொரு வகையென 1970இல் திருத்தினர். பெயர் நிலைத்து நிற்கப் பொருள் மாறிவிடலாம். சொல்லை மாத்திரம் நம்பினோர்க்கு இது புலப்படாது. மரத்துண்டை மாத்திரம் நோக்குவோர்க்கோ, அக்கருவி எத்தகைய அவையில், எவ்வுணர்ச்சியோடு இசைக்கப்பட்டது என்பது புலப்படாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தலே பல்துறைக் கல்வியின் பயன்.

இதனால், கூடியிருந்தோர் யாவரும் ஒரே முடிவுக்கு வருதல் வேண்டும் என்பதில்லை. இக்காப்பியத்தின் காலத்தை ஆராய 1980இல் ரொறன்ரோவில் அறிஞர் கூடினர். யாப்பு, எழுத்தமைதி, சரித்திரம் ஆகியன கொண்டு ஆராய்ந்தோர் எட்டாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை வெவ்வேறு காலங்களைச் சுட்டினர். இது தோல்வியன்று. ஐயமற்றதெனக் கருதப்பட்டதொன்று ஐயத்துக்குரியதென அறிதலும் அறிவின் வளர்ச்சியே.

தோல்வி வேறிடத்தில் உள்ளது. ஒவ்வொருவரும் தத்தம் கட்டுரையைப் படித்துவிட்டு, பிறர் கட்டுரையை வினவாது கலைந்து செல்வராயின், அது குழுவன்று, கூட்டமே. பிற துறையின் சொற்களைக் கடன் வாங்கி, அதன் முறையைக் கல்லாதொழிதல் அதனினுந் தீது. ஒரே மூலநூல் யாவர் முன்னும் விரிந்திருத்தல் வேண்டும். தன் துறைக் கருவி எவ்விடத்தில் உதவாது என்பதை அவையிலே ஒப்புக்கொள்ளும் பண்பு ஒவ்வொருவர்க்கும் வேண்டும். ஆராய்ச்சித் தொடக்கத்தில் நிற்கும் மாணவர்க்கு இப்பண்பு எளிதில் வாய்க்கும். பெயர் நாட்டியபின் அது அரிது.

ஈழத்தவர்க்கு இவ்வுண்மை புதியதன்று. மறைந்த இசைக்கருவியை நூற்சான்று கொண்டு மீட்கும் முயற்சி இங்கும் நிகழ்ந்தது. விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகாரத்து இசைச் செய்திகளைக் கணிதத்தோடும் இசையறிவோடும் பொருத்தி ஆராய்ந்ததன் விளைவே 1947இல் அரங்கேறிய யாழ் நூல். பல துறைகள் ஒருவரது உள்ளத்தில் கூடியமையால் அந்நூல் பிறந்தது. அத்தகையோர் எக்காலத்தும் அரியர். ஆதலின், ஒருவரிடத்துக் கூடாத துறைகளைப் பலரிடத்துக் கூட்டுதலே எஞ்சியுள்ள வழியாகும்.