மாகாளி பாட்டிலில் இல்லாத வரிகள்

போன வாரம் வீட்டுக்கு ஒரு மாகாளி ஊறுகாய் பாட்டில் வந்தது. லேபிளில் மூணு விஷயம் போட்டிருந்தாங்க: காட்டில் தானாக விளைந்தது, உரமோ பூச்சிமருந்தோ கிடையாது, நூறு சதவீதம் இயற்கை. மூணுமே உண்மையாக இருக்கலாம். ஆனாலும் இது மோசமான லேபிள் என்பது என் கருத்து. (நான் தாவரவியல் படித்தவன் இல்லை, கோடு எழுதிப் பிழைப்பவன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.)

முதல் பிரச்சினை, "காட்டில் விளைந்தது" என்ற வார்த்தையே. நெல்லிக்காயும் கடுக்காயும்கூட காட்டிலிருந்து வருபவைதான். கிளையை வெட்டாமல் காயை மட்டும் பறித்தால் மரம் அடுத்த வருஷமும் காய்க்கும். மாகாளியில் நாம் தின்பது வேரை. பாறை இடுக்கில் கடப்பாரை போட்டு மொத்த வேரையும் பெயர்த்தால் கொடியின் கதை முடிந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் முதலாவது ரீட், இரண்டாவது டெலீட். லேபிள் இரண்டையும் ஒன்றாக்கி, அதையே பெருமையாகவும் சொல்கிறது.

மாகாளி (டெகாலெபிஸ் ஹாமில்டோனி) தென்னிந்தியாவுக்கே உரிய கொடி. ஐ.யு.சி.என். செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. பழி ஊறுகாய்க்கு மட்டும் இல்லை. மாகாளிக்கும் நன்னாரிக்கும் அந்த வாசனையைத் தருவது ஒரே வேதிப்பொருள். வெனிலினுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் நன்னாரிக்குப் பதிலாகவும் மாகாளி வேர் போகிறது. ராயலசீமாவில் நன்னாரி சர்பத்தே இந்த வேரில் போடுவார்கள். மாகாளி வாசனையே ஆகாது என்பவர்கூட அதைக் குடித்திருக்கலாம்!

அப்போ வாங்குவதை நிறுத்திடலாமா? அது சுலபமான பதில், ஆனால் முதலில் அடி வாங்குவது தோண்டுகிறவர்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிழங்கு, மூலிகை உள்ளிட்ட சிறு வனப்பொருட்கள் மீது வனவாசிகளுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை நடைமுறையில் கையில் இருந்தால், பக்கவேரை மட்டும் எடுத்து மீதியை மண் மூடிவிட்டு வர ஒரு காரணம் இருக்கும். இல்லையென்றால், இன்று நான் விட்டுவைத்ததை நாளைக்கு வேறொருவர் தோண்டிக்கொண்டு போவார். பேராசை பற்றிப் பாடம் எடுப்பதைவிட இதைச் சரிசெய்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

வளர்ப்பது இன்னொரு வழி. மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. திசு வளர்ப்பில் நிறைய ஆய்வு செய்திருக்கிறது. காட்டுக் கொடிக்கு இது நல்லது. ஆனால் சாகுபடி முழுக்கச் சமவெளிக்கு இறங்கிவிட்டால் மலைக்காரருக்கு என்ன மிச்சம்? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

லேபிளில் நான் எதிர்பார்ப்பது நாலே வரி: எந்த மலை, காடா தோட்டமா, தோண்டியவருக்கு என்ன விலை, மண்ணில் எவ்வளவு வேர் விட்டார்கள். தயாரிப்பாளருக்கு மெயில் போட்டுக் கேட்டேன். எங்கள் பொருள் முற்றிலும் இயற்கையானது என்று பதில் வந்தது. நான் கேட்டது அது இல்லையே!

அம்மாவுக்கு மாகாளி இல்லாமல் தயிர்சாதம் இறங்காது. விஷயத்தைச் சொன்னேன். "தோட்டத்துல போட்டது கிடைச்சா வாங்கு, இல்லேன்னா மாவடு போதும்" என்றாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.