கங்காருக் கதையில் விடுபட்டவர்கள்

நல்ல கதை ஒன்று பலர் வாயில் புழங்கப் புழங்கத் தேய்ந்து வழவழப்பாகி விடுகின்றது. கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் பிறந்த ‘கங்காருத் தாய்’ கதைக்கும் அதுவே நேர்ந்திருக்கின்றது. மேடைகளிலும் இதழ்களிலும் அது சொல்லப்படும் முறை ஏறக்குறைய ஒன்றே. ஏழைகள் நிறைந்த மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகள். மருத்துவர் ஒருவர் கங்காருவை நினைத்துப் பார்க்கின்றார், சேயைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டுகின்றார், சேய் பிழைக்கின்றது. கேட்போர் கண் கலங்குகின்றனர். நாமும் கலங்கியவர்களே, அந்தக் கண்ணீரில் பொய்யில்லை. ஆயினும் கதையைக் கதையாகவே எடுத்துத் திறனாயும்போது, அதில் இடம்பெறாது போனவர்கள் பலர் எனக் காண்கின்றோம்.

நடந்தது இது. 1978-ஆம் ஆண்டு பொகோட்டாவின் தாய்சேய் மருத்துவ நிலையத்தில் மருத்துவர் எட்கார் ரே சனாப்ரியா இம்முறையைத் தொடங்கினார். மறு ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் கோமெஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். கருவிகளும் செவிலியரும் போதாமை உண்மையே. அத்துடன் வேறு இரண்டு துயரங்களும் அவர்களை வாட்டின. ஒரே பெட்டியில் கிடந்த குழந்தைகளிடையே நோய்த்தொற்று பரவிற்று. வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த பிள்ளைகளைச் சில தாய்மார் கைவிட்டனர்.

‘கைவிட்டனர்’ என்னும் இந்த வினைச்சொல்லிடம் நாம் சற்று நிற்க வேண்டும். அதன் எழுவாய் யார்? கதை சொல்வோர் பெரும்பாலும் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சுடன் தாயைக் குறை கூறிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். சேய் கண்ணாடிக்கு அப்பால் வைக்கப்படுகின்றது. அவள் அதைத் தூக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை, பாலூட்டவில்லை. மார்பில் பால் கட்டி நோகின்றது, பின்னர் வற்றிவிடுகின்றது. பிழைக்குமோ பிழைக்காதோ என்னும் ஐயத்திலேயே வாரங்கள் கழிகின்றன. தாயையும் சேயையும் முதலில் பிரித்தது மருத்துவமனையின் ஒழுங்கு. அவள் வராது போனது அதன் பின்னர். வெப்பம் தரும் வழி ஒன்றைக் கண்டதைக் காட்டிலும், கதவைத் திறந்து தாயை உள்ளே விட்டதே ரே சனாப்ரியா செய்த பெரிய காரியம் என்று நாம் துணிந்து கூறுவோம். கங்காரு என்னும் உவமையின் கவர்ச்சியில் இந்தக் கதவு மறைந்துபோயிற்று.

அடுத்து விடுபட்டவர்கள், இறந்த குழந்தைகள். பொகோட்டாவின் வெற்றிச் செய்தி 1980-களில் உலகெங்கும் பரவியபோது, மிகச் சிறிய குழந்தைகள்கூட வியப்பூட்டும் அளவில் பிழைப்பதாகக் கணக்குகள் காட்டப்பட்டன. 1985-இல் வைட்லா, ஸ்லீத் என்னும் இருவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினர். ‘பையுடைய தாய் என்னும் புனைவு’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர்கள் சுட்டிய குறை எளியது, ஆனால் கூர்மையானது. பிறந்த முதல் சில நாட்களைத் தாண்டித் தாயின் மார்பில் வைக்கப்படும் நிலையை எட்டிய குழந்தைகளே கணக்கில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன்பே இறந்தவர்கள் கணக்கில் வரவில்லை. குறைமாதக் குழந்தைக்கு மிகக் கொடிய நாட்கள் அந்த முதல் நாட்களே என்பதை நினைத்தால் இக்குறையின் கனம் விளங்கும். பொய் சொல்லும் நோக்கம் எவருக்கும் இருந்ததாக நாம் கருதவில்லை. நல்ல கதை தன் போக்கில் தனக்கு வேண்டாதவர்களை வெளியே நிறுத்திவிடுகின்றது. எழுதப் பழகிய எவரும் இதை அறிவர்.

மூன்றாவதாக, தாய். கதையில் அவள் இருக்கின்றாள்; ஆனால் ஆளாக இல்லை, கருவியாக இருக்கின்றாள். ‘ஏழையின் இன்குபேட்டர்’, ‘செலவில்லாத இன்குபேட்டர்’ என்னும் அடைமொழிகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கின்றோம்! செலவில்லை என்பது யார் கணக்கில்? சட்டையற்ற சேயை, துணித் தொப்பியும் அணையாடையும் மட்டும் அணிவித்து, இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தவளைபோல் கால் மடக்கி, ஒரு பக்கமாகத் தலை சாய்த்து, மூச்சடைக்காதபடி துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அந்நிலையிலேயே அவள் உண்ண வேண்டும், நடக்க வேண்டும், சாய்ந்தபடியே உறங்க வேண்டும். பிரசவத்தின் புண் ஆறாத உடம்பு. அறுவை செய்யப்பட்டிருந்தால் தையலும் உண்டு. சேயின் எடை ஏறி, அதுவே கால் உதைத்து வெளியே வர முற்படும்வரை இது நாள்தோறும் தொடரும். வீட்டில் மூத்த பிள்ளைகள் இருப்பர், அடுப்பு இருக்கும், நாட்கூலி இருக்கும். தந்தையும் பாட்டியும்கூடச் சேயை மார்பில் ஏந்தலாம் என்பதைக் கதை சொல்வோர் பெரும்பாலும் குறிப்பிடுவதேயில்லை. கங்காருவின் பைக்கு முதுகு நோகாது. மனிதத் தாய்க்கு நோகும்.

பற்றாக்குறையில் பிறக்கும் கைவேலையைப் பாராட்டும் இந்தச் சுவை நம் காலத்தில் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. மோட்டார் வண்டியின் உதிரிப் பாகங்களால் ஆன இன்குபேட்டரை வாசகர் நினைவுகூரலாம். முகப்பு விளக்கு வெப்பம் தரும். எந்த ஊர் மெக்கானிக்கும் பழுது பார்க்கலாம். 2010-இல் அமெரிக்க ‘டைம்’ இதழ் அதை அவ்வாண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அது உற்பத்திக்கே வரவில்லை. வடிவமைத்தவர்களே பின்னர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். கதை மட்டும் ஊர் சுற்றி வந்தது. இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. இன்று நாம் உயர்ந்த கருவியாக மதிக்கும் இன்குபேட்டரே, 1880-களின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவர் தார்னியே கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு செய்வித்த கைவேலைதான். தொடக்கம் எளியது என்பதால் ஒன்று பெருமையோ சிறுமையோ அடைவதில்லை.

பொகோட்டாக் கதையின் பிற்பகுதியைச் சொல்வார் இல்லை. அதில் தனி நாயகர் இல்லாமையே காரணம் போலும். 1990-களில் நாத்தலி சார்ப்பாக்கும் அவர் குழுவினரும் அதே நகரில் 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் ஆராய்ந்தனர். விடுபட்டவர்களைக் குறித்து எழுந்த கேள்விக்குப் பொறுமையான விடை இதுவே. பின்னர் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில், ஐந்து மருத்துவமனைகளில், 3,211 குழந்தைகளைக் கொண்டு நடந்த பேராய்வு 2021-இல் வெளியாயிற்று. குழந்தையின் உடல்நிலை சீரான பின்பே மார்பில் சேர்த்த பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் முதல் மாதத்தில் இறந்தனர். பிறந்தவுடனேயே சேர்த்த பிரிவில் 12. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்னதாக நிறுத்தினர். 2022-இல் உலக சுகாதார நிறுவனமும், கூடிய விரைவில் தொடங்குக என்று பரிந்துரைத்தது. ஸ்வீடன் போன்ற செல்வ நாடுகளின் மருத்துவமனைகளும் இம்முறையைக் கைக்கொள்கின்றன.

இந்த ஆய்வில் நம்மைக் கவர்ந்தது எண்களைவிட ஒரு கட்டில். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள்ளேயே தாய்க்கும் படுக்கை போடப்பட்டது. அவளுக்கு வேண்டிய பேறுகால மருத்துவமும் அங்கேயே அளிக்கப்பட்டது. பிராணவாயுவும் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவிகளும் பக்கத்திலேயே இருந்தன. சேய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் மார்பில் இருந்தது. ‘செலவில்லாத’ முறைக்கு இடம் வேண்டும், கட்டில் வேண்டும், செவிலியர் வேண்டும், தாய்க்குச் சோறு வேண்டும். ‘ஏழைக்கு இது போதும்’ என்று கருவி வாங்காமல் கைகழுவும் நிர்வாகத்துக்கும், ‘இது ஏழைகளின் முறை’ என்று முகம் சுளிக்கும் வசதியுள்ளோர்க்கும் அந்தப் பழைய அடைமொழியே துணைநிற்கின்றது.

இக்கதையை இனி எழுதப் புகுவோர், 1978-இல் அந்தக் கதவு திறந்தபோது உள்ளே வந்த பெண்களிடமிருந்து தொடங்குவாராக. அவர்கள் எங்கே உறங்கினர், என்ன உண்டனர், மூத்த பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தனர் என்பவற்றை எழுதுவாராக. முதல் வாரத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்து, வெறுங்கையுடன் அதே கதவு வழியே திரும்பிச் சென்றவர்களையும் சேர்த்துக்கொள்வாராக.