மானபங்கம் என்று எழுதாதே

2018இல் ஒரு நாள். எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் ஏட்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "என்னன்னு எழுத? மானபங்கம்னு போட்ரவா?" புகார் கொடுக்க வந்தவள் ஆலத்தியூர்ப் பக்கத்துச் சேரிக்காரி. சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியைத் தாண்டிப் போய்ப் பருத்திக் கொல்லையில் களையெடுக்கிறவள். கொல்லைக்காரர் மகன் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். "என் மானம் எங்கிட்டயேதாங்க இருக்கு. அவன் தொட்டான், நான் வேணாம்னேன். மறுபடி தொட்டான். அத எழுதுங்க." ஏட்டு சிரித்தார். "வேணாம்னு சொன்னதுக்கெல்லாம் செக்‌ஷன் கெடையாதும்மா."

செக்‌ஷன் இருந்தது. கூடப் போயிருந்த எனக்கும் அன்றைக்கு அது தெரியாது. எங்கள் இரண்டு பேர் கண்ணிலிருந்தும் அதை மறைத்தது ஒரு பழைய சொல். அந்தச் சொல்லைத்தான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு 'மாடஸ்டி'யைக் குலைப்பதைக் குற்றம் என்றது. நாம் அதைத் தமிழில் மானபங்கம் ஆக்கினோம். மாடஸ்டியாவது ஒரு பெண்ணின் கூச்சம். மானம் அப்படியில்லை. அது புருஷனுடையது, குடும்பத்துடையது, சாதியுடையது. மானபங்கம் என்றதும் கூத்துமேடையில் பாஞ்சாலி துகிலுரிதல் கண்முன் வருகிறது. அவள் அரசி, புடவை வந்துகொண்டே இருந்தது. நம் பெண்களுக்கு?

சட்டம் பிறந்த காலத்தையும் பாருங்கள். அதற்கு ஒரு வருஷம் முன்புதான், 1859இல், தெற்குத் திருவிதாங்கூரில் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாடார் பெண்கள் தோளை மூடிக்கொள்ள அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போல் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை. மானம் சாதிவாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டிருந்த நாட்டில்தான் சட்டப்புத்தகம் எல்லாப் பெண்ணுக்கும் மானம் என்று பொதுவாக எழுதியது. பங்கீடு மாறவில்லை. அதைச் செய்யும் இடம் மட்டும் அரண்மனையிலிருந்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் வந்தது.

தீர்ப்புகளைப் பிரதிகளாக வாசித்தால் இது பளிச்சென்று தெரியும். ஏழரை மாதப் பெண் குழந்தைக்கு மானம் உண்டா என்று உச்சநீதிமன்றம் வரைக்கும் வாதம் நடந்தது. உண்டு என்று 1966இல் சொன்னார்கள், அதுவும் ஒருமனதாக இல்லை. 1972இல் மகாராஷ்டிரத்துக் காவல் நிலையத்தில் சிதைக்கப்பட்ட ஆதிவாசிச் சிறுமி மதுராவின் வழக்கில், உடம்பில் காயமில்லையே என்று 1978இல் போலீஸ்காரர்களை விடுவித்தார்கள். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுத்த குயவர் சாதிப் பெண் பன்வாரி தேவியை 1992இல் கூட்டாக வன்புணர்ந்தார்கள். 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் அவர்களை விட்டுவிட்டது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தீட்டுப்பட மாட்டான் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தீண்டாமையே நிரபராதத்துக்குச் சாட்சியாகிவிட்டது! அந்தக் கொடுமையிலிருந்து பிறந்த விசாகா வழக்கில் 1997இல் வேலையிடங்களுக்கு நெறிமுறை வந்தது. பன்வாரிக்கு நீதி வந்ததா?

படித்த, பதவியிலிருக்கும் பெண்ணுக்கும் லேசில்லை. பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில் மீது ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் 1988இல் கொடுத்த புகார் 2005இல்தான் முடிவுக்கு வந்தது. வாச்சாத்தியில் 1992இல் அரசு ஊழியர்களே 18 மலைவாழ் பெண்களைச் சிதைத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 2011 தீர்ப்புக்கு முன் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ஊரும் பெண்களும் ஒரே பக்கம் நின்றார்கள். களையெடுக்கப் போனவளுக்கு அப்படியில்லை. ஊர் எதிர்ப்பக்கம். சேரியோ "எதுக்கு வம்பு" என்கிற பக்கம்.

நம்மையும் சொல்லத்தான் வேண்டும். "வெளிய சொன்னா நம்ம பொண்ணு மானம்தான் போவும்" என்று முதலில் வாயடைக்கிறவர்கள் நம் வீட்டு ஆண்கள். மேடையில் பெரியாரும் அம்பேத்கரும் பேசுகிற தோழர்களும் இதில் அடக்கம். கையைப் பிடித்து இழுத்த பஞ்சாயத்து தமிழ் சினிமாவில் வடிவேலு காமெடி. நாமும் சேர்ந்துதானே சிரித்தோம்?

ஏட்டு இல்லையென்ற செக்‌ஷனுக்கு வருகிறேன். 2013இல் தண்டனைச் சட்டத்தில் பாலியல் தொந்தரவுக்கென்றே 354ஏ வந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் முதலில் மானபங்கம் என்றுதான் பேசியது. 2015இல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 3(1)(டபிள்யூ) பிரிவு மானத்தைப் பற்றிப் பேசவில்லை. சம்மதமில்லாமல் பாலியல் நோக்கில் தொட்டால் குற்றம். பெண் எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்தாள் என்று ஆகாது. அவளுடைய பழைய கதையும் தேவையில்லை. "நான் வேணாம்னேன்" என்பதற்கான செக்‌ஷன் இதுதான். ஆனால் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவைப் பாருங்கள். காலனியச் சட்டத்தை ஒழித்தோம் என்றார்கள். பாலியல் தொந்தரவு 75ஆம் பிரிவில் இருக்கிறது. பக்கத்திலேயே 74இலும் 79இலும் அதே 'மாடஸ்டி' சட்டமாகக் குந்தியிருக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. எங்கள் அரியலூர் மாவட்டத்தில் 2016 டிசம்பர் கடைசியில் ஒரு தலித் சிறுமி காணாமல் போனாள். 2017 ஜனவரியில் கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். புகார் கொடுத்தும் போலீஸ் உடனே அசையவில்லை என்று குடும்பமும் இயக்கங்களும் குற்றம் சாட்டின. நம் பெண் காணாமல் போனால் "எவன்கூடயாவது போயிருப்பா" என்று ஊர் சொல்கிற பேச்சு எங்கிருந்து வருகிறது? இவளுக்கு ஏது மானம் என்ற அதே கணக்கிலிருந்துதான்.

சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் முதல் தாளிலேயே பாதி முடிந்துவிடுகிறது. புகாரை எழுதிக் கையெழுத்து வாங்குவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. இந்தக் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை.

அன்றைக்கு அவள் கைநாட்டு வைத்த தாளை யாரும் வாசித்துக் காட்டவில்லை. வாசிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அதில் மானபங்கம் என்றுதான் இருந்தது. இனி ஸ்டேஷனுக்குக் கூடப் போகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். அவள் சொன்ன சொல் தாளில் இருக்கிறதா என்று அவளே காதால் கேட்கட்டும். பிறகு கைநாட்டு.